கருப்புக்கு நேர்ந்த சேவல்

அந்தி சாய்ந்து கொல்லையில் நிழல் கூடிவிட்டது. கோழிகள் இன்னும் கூட்டுக்குள் போகவில்லை.

கோழிக்கு யாரும் நேரம் சொல்லித் தர வேண்டியதில்லை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் சாயங்காலச் சங்கு ஊதி, கரியும் எண்ணெயுமாக ஆட்கள் குவார்ட்டர்ஸ் வரிசைகளுக்குத் திரும்பி, வீட்டுக்கு வீடு அடுப்புப் புகை கொல்லைப்பக்கம் தாழ்ந்து பரவுகிற நேரத்துக்கு, கூப்பிடவும் வேண்டாம் விரட்டவும் வேண்டாம், அவை தாமாகவே ஒன்றன் பின் ஒன்றாகக் குனிந்து உள்ளே நுழைந்துவிடும். மனுஷர்கள்தான் இருட்டிய பிறகும் தெருவில் நின்று கதை பேசுவார்கள். ராக்கம்மாள் கூட்டுக் கதவைத் திறந்து வைத்து, தவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தாள். பெட்டைகள் மூன்றும் கூட்டுக்கு முன்னால் மண்ணில் நின்றுகொண்டிருந்தன. மேயவில்லை, கிளறவில்லை, ஒன்றையொன்று கொத்தவும் இல்லை. மூன்றும் வீட்டின் பின்வாசலைப் பார்த்து நின்றன.

பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் மகள் பொன்னுத்தாய் நின்றிருந்தாள். ஆறு வயதுப் பெண். சாயங்காலம் பின்னிவிட்ட சடை கலையாமல் இருந்தது.

“பொன்னு, என்னடி வேடிக்கை பாக்கற? கோழியை உள்ள விரட்டு” என்றாள் ராக்கம்மாள்.

பொன்னு நகரவில்லை. அவள் காலை உரசிக்கொண்டு சேவல் மட்டும் படியேறி வீட்டுக்குள் போயிற்று. சிமெண்டுத் தரையில் அதன் நகங்கள் டிக் டிக்கென்று அடுப்படியைத் தாண்டின, கூடத்துக்குள் போயின, நின்றன. ராக்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்தாள். பொன்னுவின் பாய் விரித்துக் கிடந்த மூலையில், தலையணைக்குப் பக்கத்தில், காலை மடக்கி அது உட்கார்ந்திருந்தது. இவளைக் கண்டதும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

“சனியனே, பாயில எச்சம் போடவா வந்த?”

தூக்கிக்கொண்டு போய்க் கூட்டுக்குள் விட்டாள். அது முரண்டு பிடிக்கவில்லை. பெட்டைகள்தான் அசையவில்லை. பொன்னு படியிறங்கி வந்து கூட்டுக் கதவுக்குப் பக்கத்தில் நின்ற பிறகுதான், அவளை ஒருமுறை பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக உள்ளே போயின. ராக்கம்மாள் தாழ்ப்பாளைப் போட்டாள். பயப்பட வேண்டிய விஷயமா இது என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்கு ஏதாவது தோன்றுவதே நின்று நாளாயிற்று.

பொன்னுவுக்கு முன்னால் இரண்டு பையன்கள். இரண்டு பேரையும் ஜுரம்தான் கொண்டுபோயிற்று. மூத்தவனுக்கு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் வந்து பிடிக்கவேண்டியிருந்தது. இளையவனுக்கு அழ உட்கார்ந்தாள், அழுகை வரவில்லை. எழுந்து போய்ப் பானையைத் தேய்த்தாள். அன்றிலிருந்து அப்படித்தான். சோறு வடிப்பாள், தண்ணீர் சுமப்பாள், புருஷன் பிச்சமுத்துவின் எண்ணெய்ப் பிசுக்குச் சட்டையை அடித்துத் துவைப்பாள். எல்லாம் நடக்கும். மரத்துப்போன கையால் வேலை செய்வது மாதிரி, தன்னுடைய கைதான், ஆனால் தன்னுடையதாகத் தெரியாது. அக்கம்பக்கத்தில் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்கிறவர்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன.

போன ஐப்பசி மழையில் பொன்னுவுக்கும் ஜுரம் வந்தது. டாக்டர் வந்தார், கசப்பு மருந்து கொடுத்தார், கடைசியில் ‘இனி சாமியைக் கும்பிடுங்க’ என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். குழந்தையின் உடம்பு கொதித்தது. அறை முழுக்க வேர்வையும் மருந்துக் கசப்பும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு வாடை, கதவைத் திறந்தாலும் போகாத வாடை. ராக்கம்மாள் கொல்லைக்குப் போனாள். மழைக்காக அடுப்படி ஓரம் கவிழ்த்து வைத்திருந்த பஞ்சாரத்தைத் தூக்கி, தாய்க்கோழியின் இறக்கைக்கடியில் கையை விட்டு, அகப்பட்ட ஒரு குஞ்சை எடுத்து வந்தாள். பொன்னுவின் தலையைச் சுற்றி மூன்று முறை சுற்றினாள்.

“கருப்பா, இவளை எனக்குக் குடு. இதை நீ எடுத்துக்க. உசுருக்கு உசுரு.”

மருங்காபுரிப் பக்கத்துப் பொட்டல் காட்டில் ஒற்றைப் பனைக்குக் கீழே நிற்கிற கருப்பு அவர்கள் குலசாமி. அவருக்கு நேர்ந்துவிட்ட உயிரை விற்கக் கூடாது, வீட்டுக்கு அறுக்கக் கூடாது, மாற்றக் கூடாது. அந்த வம்சத்தில் இதை யாரும் யாருக்கும் கற்றுத் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

விடிவதற்குள் பொன்னுவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஜுரம் இறங்கிவிட்டது. நேர்ந்த குஞ்சு அவள் கழுத்தடியில் முடங்கித் தூங்கிக்கொண்டிருந்தது.

பிழைத்து எழுந்த குழந்தைக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. கோழிகளோடுதான் பொழுது. அவை குழி பறித்துப் புழுதி குளிக்கும்போது இவளும் கூட உட்கார்ந்து தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாள். முட்டையிட்ட கோழி ஊரைக் கூட்டினால் ‘இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்’ என்று ஓடுவாள். சூடு ஆறாத முட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள். அவள் அப்பன் கேட்டாலும் தரமாட்டாள். பெட்டைகளுக்குக் கறுப்பி, சாம்பி, நொண்டி என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு நாள் பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிப் போனபோது, வேலியோரம் கிடந்த ஒற்றை இறகைத் தீப்பெட்டிக்குள் வைத்துப் புதைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. கீரிப்பிள்ளை கடித்துப்போட்ட அடைக்கோழியைக் குழம்பு வைக்கலாமே என்று பிச்சமுத்து வாயைத் திறந்து, மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நேர்ந்த குஞ்சு சேவலாக வளர்ந்தது. தலையில் சிவப்புக் கொண்டை. விடிகிற நேரம் பார்த்து நீட்டி ஒரு கூவல். ரயிலடிக் குழந்தைக்கு வேறென்ன பெயர் தோன்றும்? சிவப்புக் கொடி காட்டி விசில் ஊதுகிறவர் கார்டு, அதனால் அது கார்டு. பக்கத்து வரிசை அற்புதம்மாளின் புருஷன் நிஜமாகவே கூட்ஸ் வண்டியில் கார்டு. அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பாள்: “எங்க வீட்டுக் கார்டு வண்டி ஏறினா எப்ப வருவாருன்னு மாதாவுக்குத்தான் தெரியும். உங்க வீட்டுக் கார்டு அந்தியானா டாண்ணு வீடு வந்து சேந்துடுது. நீ குடுத்து வச்சவ ராக்கம்மா!” அதைக் கேட்டு ராக்கம்மாள்கூட ஒரு நாள் சிரித்துவிட்டாள். தப்புச் செய்துவிட்ட மாதிரி உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சித்திரையில் கருப்புக்குப் படையல். பிச்சமுத்து லீவு சொல்லிவிட்டு வந்து சேவலைப் பிடிக்கக் கையை நீட்டினான். பொன்னு அதைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அதட்டியும் பார்த்தான், மிட்டாய் வாங்கித் தந்தும் பார்த்தான். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். மறுநாள் நெற்றி லேசாகச் சுட ஆரம்பித்தது. அந்தச் சூடு கையில் பட்டதும் ராக்கம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“ரசூல் பாய்கிட்ட இதே மாதிரி ஒண்ணு கிடைக்குமான்னு கேளுங்க” என்றாள் புருஷனிடம்.

“ஏ புள்ள, என்ன பேசற? கருப்புக்குத் தெரியாதா?”

“கருப்புக்கு வேண்டியது ஒரு சேவல். ஒரு சேவல் போகுது. நீங்க போய்க் கேளுங்க.”

சொன்னது அவள்தான். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

பாலக்கரைக் கோழி வியாபாரி ரசூல் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்தார். கூடைக்குள்ளிருந்து அவர் எடுத்த சேவலுக்கு அதே செங்கல் நிறம், அதே கறுப்பு வால், கொண்டையில் அதே வெட்டு. “ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க மாதிரி இருக்கு தங்கச்சி. ரெண்டையும் சேத்து நிக்க வைக்காதீங்க, எனக்கே குழம்பிப்போயிடும்” என்று சிரித்தார். ராக்கம்மாள் அப்போது வீட்டுக்கு விலக்கு. கோயில் பக்கம் போக முடியாது. வாங்கின சேவலைத் தூக்கிக்கொண்டு பிச்சமுத்து தனியாகப் போனான். மணப்பாறையில் ரயிலேறி மறுநாள் சாயங்காலம் திரும்பியவன் கையில் முறுக்குப் பொட்டலமும் விபூதியும் இருந்தன.

“ஆச்சா?”

“ஆச்சு.”

கால் கழுவ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான். சாப்பாடு வேண்டாம் என்றான். விபூதியைப் பொன்னுவின் நெற்றியில் பூசியபோது அவள் “கண்ணுல விழுதுப்பா” என்று சிணுங்கினாள்.

மறுநாள் விடியலில் கார்டு கூவவில்லை. அந்த வாரத்தில்தான் பெட்டைகள் கூட்டுக்குப் போகாமல் நின்றதும், சேவல் பாயில் வந்து படுத்ததும்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள். பொன்னு சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள். கைகளைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு குனிந்து, தட்டிலிருந்து பருக்கை பருக்கையாக உதட்டால் பொறுக்கினாள். தண்ணீர் குடிக்கும்போது ஒவ்வொரு வாய்க்கும் தலையை அண்ணாந்தாள். தாய் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிப் பார்க்காமல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். ராக்கம்மாள் மத்தியானம் சுளகில் நொய் புடைத்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கண் தன் மேல் இருப்பது முதுகில் தெரியும். திரும்பினால் இருக்கும். வெகு நேரம் இமைக்காது.

பிள்ளைகள் கோழி மாதிரி விளையாடுவது உண்டுதானே என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு நொய்யைப் புடைத்தாள்.

அந்தியானால் பொன்னுவுக்குக் கண் தெரியவில்லை. சுவரில் முட்டிக்கொண்டாள், குடத்தைத் தட்டிவிட்டாள். அற்புதம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஐயோ, இது மாலைக்கண்ணு ராக்கம்மா. முருங்கைக்கீரையா வதக்கிப் போடு, மீன் எண்ணெய் நான் வாங்கித் தரச் சொல்றேன். பயப்படாத, எங்க அக்கா பையனுக்கும் இருந்துச்சு” என்றாள். பெயர் உள்ள நோய் என்று கேட்டதும் ராக்கம்மாளுக்கு நிம்மதியாக இருந்தது, நிஜமாகவே நிம்மதி. தினமும் கீரை வதக்கினாள். ஆனால் சுவரில் முட்டிக்கொள்கிற குழந்தை அதே இருட்டில் படியிறங்கி, துவைகல்லைச் சுற்றி, எதிலும் இடிக்காமல் கோழிக்கூடு வரைக்கும் எப்படிப் போகிறாள்? இதை அற்புதம்மாளிடம் கேட்கவில்லை.

அம்மா என்று அவள் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று? யோசித்துப் பார்த்தாள். விபூதி கண்ணில் விழுகிறது என்று அப்பனிடம் சொன்னதுதான் கடைசி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பொன்னு பேசி யாரும் கேட்கவில்லை. தொண்டைக்குள் ஒரு சத்தம் மட்டும் வரும். வெயில் இறங்குகிற நேரத்தில், மெதுவாக, நீட்டி. அடைக்கு உட்காரப்போகிற கோழி போடுகிற சத்தம்.

சேவல் கூட்டில் தங்கவே இல்லை. எத்தனை முறை கொண்டு போய் விட்டாலும் டிக் டிக்கென்று படியேறி வந்துவிடும். ஒரு மத்தியானம் ராக்கம்மாள் தரையில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள். வெயிலில் ஓடு நொறுங்குகிற மாதிரி சத்தம், ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரும்பை இரும்பால் அடிக்கிற ஓசை, ஈ. சேவல் வந்து அவள் இடுப்போரம் ஒட்டிப் படுத்தது. தள்ளிவிடக் கையை வைத்தாள். கை அப்படியே நின்றது. இறகுக்கடியில் அதன் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. குனிந்து முகர்ந்தாள்.

கோழி வாடை இல்லை. வேர்வை. மருந்துக் கசப்பு. ஈரக் கம்பளி.

வெளியே ரசூல் பாய் கூவிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் நிறுத்தினாள். அவர் சேவலை வாங்கி இறக்கைக்கடியில் விரலை விட்டுப் பார்த்தார், நெஞ்சைத் தடவினார், காதில் வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது. “கோழிக்கு உடம்பு சூடு இருக்கத்தான் செய்யும் தங்கச்சி. இது அந்தச் சூடு இல்ல. சீக்குக் கோழி எத்தனையோ பாத்திருக்கேன், இப்படி முனகுற கோழியைப் பாத்ததில்ல.” சும்மாவே எடுத்துப் போங்க என்றாள். அவர் சேவலை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அன்று சாயங்காலம் சங்கு ஊதியது. புகை தாழ்ந்தது. ராக்கம்மாள் கொல்லைக்குப் போனபோது முற்றத்தில் கோழி ஒன்றுகூட இல்லை. எல்லாம் நேரத்தோடு கூட்டுக்குள் போய்விட்டன. அப்பாடா என்று தாழ்ப்பாள் போடக் குனிந்தவளுக்கு உள்ளே ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. பாவாடைக் கரை.

பலகைத் தடுப்புக்குப் பின்னால், மூன்று பெட்டைகளுக்கும் நடுவில், முழங்கால் இரண்டையும் மார்போடு மடக்கி, தோள்களைக் குறுக்கிப் பொன்னு குந்தியிருந்தாள். கறுப்பி அவள் மேல் சாய்ந்திருந்தது. நொண்டி அவள் பாவாடை மேல் தலையை வைத்திருந்தது. எச்ச நாற்றமும் புழுதியும் வெதுவெதுப்பான மூச்சும். நான்கு தலைகளும் ஒரே சமயத்தில் இவள் பக்கம் சாய்ந்தன.

“பொன்னு, வெளிய வா” என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறதே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். குழந்தையின் கை லேசாக இருந்தது, உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி. பயமாக இருந்தது அவளுக்கு. அந்தப் பயமும் அடுத்த வீட்டுச் சண்டை போல எங்கோ தள்ளிக் கேட்டது.

பிச்சமுத்து வந்ததும் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டாள். “அங்க என்னங்க நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல. வெட்டினோம்.” பிசைந்த சோற்றை அவன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. “படையல் சோத்தை நாய்கூட மோந்து பாக்கல ராக்கு. காக்கா வரல. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். ராக்கம்மாளுக்கு இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. குஞ்சைக் குழந்தையின் தலையைச் சுற்றி, இது உனக்கு, இது எனக்கு என்று பிரித்துச் சொன்னவள் அவள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. யாரோ ஒருவருடைய சேவலைக் காட்டி ஏமாற்றினாள். இப்போது எது யாருக்கு என்ற பிரிவினை போய்விட்டது. கருப்பு தனக்கு வேண்டியதை இரண்டிலும் தேடிக்கொண்டிருக்கிறார்.

“சேவலைக் குடுத்துடுவோம்” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை வண்டி ஏறலாம்.”

“அதுவரைக்கும் தாங்காது. நாளைக்கே. இங்கயே. கூப்பிட்டா கருப்பு இங்க வரமாட்டாரா என்ன?”

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. பிச்சமுத்து மத்தியானமே வந்துவிட்டான். வெயில் கொல்லையில் வெள்ளையாகக் கிடந்தது. துவைகல்லைக் கழுவி மஞ்சள் பூசினாள். மருங்காபுரி இருக்கிற திசை பார்த்து விளக்கேற்றினாள். அந்த வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. செம்பில் தண்ணீர் எடுத்து மஞ்சளைக் கரைத்து வேப்பிலை போட்டாள். பிச்சமுத்து குளித்த ஈரத்தோடு அருவாளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பொன்னுவை உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம் என்றான் அவன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இருக்கட்டும். பார்க்கட்டும். சேவலைக் கல்லில் வைத்ததும் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு கத்தும். கார்டு, கார்டு என்று அழும். அழுதால் அது அவள் மகள். ராக்கம்மாளுக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, அந்த ஒரு அழுகை போதும்.

பொன்னு கூட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. பெட்டைகள் அவள் காலடியில் நின்றன.

பலி கொடுக்கிற உயிரின் தலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம், அதுதான் உத்தரவு. உதறுகிறவரை காத்திருக்க வேண்டும். உத்தரவு வராமல் யாரும் அருவாளை இறக்கமாட்டார்கள். ராக்கம்மாள் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேப்பிலையைத் தண்ணீரில் நனைத்தாள்.

“கருப்பா, தப்புப் பண்ணிட்டேன். உன்னுதை நீ எடுத்துக்க. என்னுதை என்கிட்ட குடு.”

தெளித்தாள். மஞ்சள் தண்ணீர் கொண்டையில் பட்டுக் கழுத்தில் வழிந்தது. சேவல் உதறவில்லை.

ஒர்க்‌ஷாப் ஓய்ந்திருந்தது. இரும்புச் சத்தம் இல்லை. தெருவில் ஆள் இல்லை. இலைகூட அசையாத வெயில்.

மறுபடியும் தெளித்தாள். சேவல் நடுங்கியது. நடுக்கம்தான், உதறல் இல்லை. அவள் ரவிக்கையில் நகத்தை மாட்டிக்கொண்டு, கொதிக்கிற கழுத்தை அவள் கழுத்தடியில் புதைத்துக்கொண்டது. அந்த வாடை. அந்த முனகல். ஜுரக் குழந்தை மாதிரி அது அவளைப் பிடித்திருந்தது. விடவில்லை.

“உதறு” என்றான் பிச்சமுத்து மெதுவாக. “உதறிடு, சாமி.”

செம்பில் மிச்சம் இருந்ததை அப்படியே அதன் தலையில் ஊற்றினாள்.

சேவல் உதறவில்லை.

பின்னால் சத்தம் கேட்டது. படபடவென்று. துணி அடிக்கிற மாதிரி.

திரும்பினாள்.

ஒரு துளி தண்ணீர் படாமல், காய்ந்த தலையோடு, பொன்னு சிலிர்த்துக்கொண்டிருந்தாள். உச்சந்தலை முதலில். பிறகு கழுத்து. தோள். முதுகு. குதிகால் வரைக்கும். சடை இரண்டு பக்கமும் அடித்தது. பாவாடையிலிருந்து புழுதி கிளம்பியது. உதறி முடித்துவிட்டு அசையாமல் நின்றாள்.

“உத்தரவு வந்திடுச்சு” என்றான் பிச்சமுத்து. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. கையும் அதே பழக்கத்தில் அருவாளை உயர்த்திவிட்டது.

பொன்னு நடந்து வந்தாள். ஒரு காலைத் தூக்கி, நிறுத்தி, வைத்து. அடுத்த காலை. பெட்டைகள் விலகி வழி விட்டன. யாரும் அவளைத் தொடவில்லை. துவைகல்லுக்கு முன்னால் மண்டியிட்டாள். கைகளைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். கழுத்தை நீட்டி, கன்னத்தை மஞ்சளில் வைத்தாள்.

ராக்கம்மாள் கத்த வேண்டும் என்று நினைத்தாள். ஓடிப்போய் இழுக்க வேண்டும். கையில் இருந்தது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு மெல்ல முனகியது. எதை விட்டால் எது போகும் என்று தெரியாமல் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிச்சமுத்துவின் அருவாள் உயர்ந்தே இருந்தது.

கல்லின் மேலிருந்து ஒற்றைக் கண் ராக்கம்மாளைப் பார்த்தது. காத்திருந்தது. பிறகு, கோழி கண்ணை மூடுகிற மாதிரி, மேல் இமை அசையாமலே, கீழ் இமை மெதுவாக மேலேறி அந்தக் கண்ணை மூடியது.